ஒரு சொல், இரண்டு மின்சாரம்: வீட்டு நாயும் குளிர்கால 'ஷொக்'கும்



வழமையாக இந்த நேரத்தில் வரிப்படிவம், வீட்டுக்கடன், கணக்கு வழக்கு என்று கதைக்கிற நான், இன்று நாயையும் மின்சாரத்தையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கணக்காளருக்கு இது என்ன வேலை என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் குளிர் தொடங்கியதிலிருந்து எங்கள் நிலையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. "எங்கடை நாயைத் தொட்டால் கரண்ட் அடிக்குது. பிள்ளையும் பயப்பிடுது, நாயும் பயப்பிடுது. இது ஆபத்தோ?" இதுதான் அந்தக் கேள்வி. இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் "கரண்ட் அடிக்குது" என்ற ஒரே சொல்லுக்குள் நாங்கள் இரண்டு வெவ்வேறு விடயங்களைப் போட்டுவைத்திருக்கிறோம். ஒன்று பாதிப்பில்லாதது. மற்றது உயிரை எடுக்கக்கூடியது. இரண்டையும் பிரித்தறிய வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

ஊரில் எங்களில் பெரும்பாலானோருக்கு இந்த முதலாவது வகை தெரியாது. அங்கே நாய் முற்றத்தில் நின்றது. படலையடியில் படுத்தது. நாங்கள் வெறுங்காலோடு சீமெந்து நிலத்தில் நடந்தோம், பருத்திச் சாரமும் பருத்திச் சட்டையும் உடுத்தோம். யாழ்ப்பாணக் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். அந்த ஈரமும் அந்த நிலமும், உடம்பில் சேரக்கூடிய மின்னேற்றத்தைச் சேர முன்னரே இறக்கிவிடும். அத்தோடு 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. அதன்பிறகு சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் இன்றும் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். எங்களுக்கு மின்சாரம் என்றால் 'வருமா, வராதா' என்று பார்த்திருந்த ஒரு பொருள். கதவுப் பிடியிலும் நாயின் மூக்கிலும் அது இருக்கும் என்று யார் நினைத்தோம்?

ஒஸ்லோவில் நிலைமை வேறு. வெளியே சைபருக்குக் கீழே 10 பாகை என்று வையுங்கள். அந்தக் குளிரில் ஒரு கனமீற்றர் காற்று இரண்டு கிராமுக்குச் சற்றுக் கூடுதலான நீராவியைத்தான் தாங்கும். அந்தக் காற்றை வீட்டுக்குள் எடுத்து 22 பாகைக்குச் சூடாக்குகிறோம். 22 பாகையில் அதே கனமீற்றர் காற்று 19 கிராம் வரை தாங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், தாங்கக்கூடியதில் எட்டில் ஒரு பங்கு ஈரம்தான் அதில் இருக்கிறது. சமையலாலும் எங்கள் மூச்சாலும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். குளிர்காலத்தில் உதடு வெடிப்பதும், தோல் சுரண்டுவதும், நாயின் முடி சிலிர்த்து நிற்பதும் இந்த வறட்சியால்தான்.

இனி மின்னேற்றம் எப்படிச் சேர்கிறது என்று பார்ப்போம். இரண்டு பொருட்கள் ஒன்றோடொன்று உரசிப் பிரியும்போது, ஒன்றிலிருந்து இலத்திரன்கள் மற்றதுக்குப் போகின்றன. கணக்குப் படித்தவர்களுக்கு இது இரட்டைப் பதிவு. ஒரு பக்கம் எவ்வளவு பற்று விழுகிறதோ, மறுபக்கம் அவ்வளவு வரவு விழும். மொத்தத்தில் எதுவும் புதிதாக உண்டாவதில்லை, அழிவதுமில்லை. இதற்குக் கூட்டல், கழித்தல் என்று பெயர் வைத்தவர் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின், 1747இல். கம்பளியும் முடியும் இலத்திரனை விட்டுக்கொடுக்கும் பக்கம். பொலியெஸ்ரரும் பிளாஸ்ரிக்கும் வாங்கிக்கொள்ளும் பக்கம். உங்கள் வீட்டுச் சோபாவில் கிடக்கும் பஞ்சுபோன்ற பொலியெஸ்ரர் போர்வையில் நாய் புரண்டு எழும்பினால் இந்தக் கணக்கு எழுதப்படுகிறது. காலுறையோடு கம்பளத்தில் நீங்கள் நடந்தாலும் அதேதான். ஈரக்காற்று என்றால் அந்த ஏற்றம் மெதுவாகக் கசிந்து போய்விடும். வறண்ட காற்றில் அது போக வழியில்லாமல் உடம்பில் நிற்கும். பிறகு நீங்கள் நாயைத் தடவ விரலை நீட்டும்போது, நிலுவையில் நின்ற கணக்கு ஒரே நொடியில் தீர்க்கப்படுகிறது. 'டிக்' என்று ஒரு சத்தம். இருட்டென்றால் ஒரு சின்ன ஒளியும் தெரியும்.

இதில் எத்தனை வோல்ற் என்று கேட்டால் பயந்துவிடுவீர்கள். எங்களுக்கு உணரவே ஏறத்தாழ 3000 வோல்ற் வேண்டும். வறண்ட நாளில் 10,000 வோல்ற்றைத் தாண்டுவதும் சாதாரணம். சுவரில் இருக்கும் மின்சாரமோ 230 வோல்ற்தான். அப்படியென்றால் இது அதைவிட ஆபத்தானதா? இல்லை. மனித உடம்பில் 10,000 வோல்ற் சேர்ந்திருக்கும்போது அதில் உள்ள மொத்தச் சக்தி, ஒரு கிராம் எடையை அரை மீற்றர் உயர்த்தும் அளவுதான். அதுவும் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். அது உயரத்திலிருந்து விழும் ஒரு மழைத்துளி. சுவர் மின்சாரமோ நின்று ஓடிக்கொண்டேயிருக்கும் ஆறு. துளி சுடும், ஆனால் அடித்துக்கொண்டு போகாது.

ஆகவே முதலாவது கேள்விக்கு விடை: நாயைத் தொடும்போது வரும் அந்தப் பொறி நாயின் இதயத்தையோ உங்கள் பிள்ளையையோ பாதிக்காது. ஆனால் அதோடு விடயம் முடியவில்லை. உங்களுக்கு அது விரல் நுனியில் படுகிறது. நாய்க்கு அது பெரும்பாலும் மூக்கில் படுகிறது. ஈரமான, முடியில்லாத, நாயின் உடம்பிலேயே மிகக் கூர்மையான உணர்வுள்ள இடம் அது. உங்களுக்குக் காரணம் தெரியும். நாய்க்குத் தெரியாது. "இந்தக் கை வந்தது, எனக்கு நொந்தது" என்பதுதான் அதன் கணக்கு. இரண்டு மூன்று தடவை அப்படி நடந்தால் அந்தக் கையைக் கண்டு ஒதுங்கும். பயந்த நாய் சில வேளை உறுமும், கடிக்கவும் பார்க்கும். அப்போது 'நாய் கெட்டுப்போச்சு' என்று பிள்ளைகளுக்கு ஏச்சு விழும். உண்மையில் கெட்டது காற்றின் ஈரம்.

இதைத் தவிர்க்கச் சில எளிய வழிகள் சொல்கிறேன். நாயைத் தொட முன்னர் ஒரு திறப்பைக் கையில் இறுக்கிப் பிடித்து, அதன் நுனியால் ஏதாவது பெரிய உலோகப் பொருளைத் தொடுங்கள். பொறி திறப்பின் நுனியில் பாயும், விரலுக்கு நோகாது. பிறகு நாயைத் தொடும்போது விரல் நுனியை மூக்குக்கு நேரே நீட்டாமல், உள்ளங்கையை விரித்து முதுகில் வையுங்கள். கைக்குக் கிறீம் பூசுவது உங்கள் தோலுக்கும் நல்லது, இதற்கும் நல்லது. நாய் படுக்கும் இடத்தில் பொலியெஸ்ரர் போர்வைக்குப் பதிலாகப் பழைய பருத்திப் படுக்கைவிரிப்பை மடித்துப் போடுங்கள். முடி வாரும்போது கையைக் கொஞ்சம் நனைத்துத் தடவிவிட்டு வாருங்கள். குளிர் உடுப்பை நாய்க்குக் கழற்றும்போது இழுத்துப் பறிக்காமல் ஆறுதலாகக் கழற்றுங்கள். ஏற்கனவே பயந்துபோன நாய் என்றால், நீங்கள் கீழே இருந்து அது உங்களிடம் வரும்வரை பொறுத்திருங்கள். வந்தவுடன் பிடித்தமான ஒன்றைக் கொடுங்கள். ஒரு கிழமையில் மாற்றம் தெரியும்.

வீட்டை அளவுக்கு மிஞ்சிச் சூடாக்காமல் இருப்பதும் உதவும். ஒன்றிரண்டு பாகை குறைத்தால் அதே காற்று அவ்வளவு வறண்டதாக இருக்காது. ஆனால் ஈரமாக்கும் இயந்திரத்தை இரவு பகலாக ஓடவிட வேண்டாம். யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடியத் தொடங்கினால் அடுத்ததாகச் சுவரில் பூஞ்சணம் வரும். அது பொறியைவிடப் பெரிய தொல்லை.

இன்னொன்று. உடுப்புக் காயவைக்கும் இயந்திரத்துக்குள் போடுகிற வாசனைத் துண்டுகள் இருக்கின்றன அல்லவா? அதை எடுத்து நாயின் முடியில் தேய்த்தால் பொறி வராது என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யவேண்டாம். அதில் உள்ள இரசாயனத்தை நாய் நக்கினால் வாய் புண்ணாகும், விழுங்கினால் வருத்தம் வரும். அந்தத் துண்டுகளை நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

நேயர்களே, இதுவரை சொன்னது மழைத்துளியைப் பற்றி. இனி ஆற்றைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் குரூருட்டாலன் பக்கம் பழைய அடுக்குமாடி ஒன்றில் இருக்கிறது. அவர்களுடைய நாய் ஒரு மார்கழி மாதம் குளியலறைப் பக்கம் போக மறுத்தது. சலவை இயந்திரத்தைக் கண்டால் பின்வாங்கும். வீட்டில் எல்லோரும் "குளிர்கால ஷொக் தானே" என்று சொல்லிச் சிரித்தார்கள். அம்மம்மா மட்டும், "எனக்கும் அதிலை கை வைச்சால் எறும்பு ஊருற மாதிரி இருக்குது பிள்ளை" என்று சொன்னா. வயது போனவர் சொல்கிறார் என்று அதையும் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கடைசியில் மின்தொழிலாளி ஒருவர் வந்து பார்த்தார். இயந்திரத்தின் பிளக், ஏர்த் இல்லாத ஒரு நீட்டுவயர் வழியாக வேறு அறையில் கொழுவப்பட்டிருந்தது. உள்ளே சிறு கசிவு இருந்தது. அது போக வழியில்லாமல் இயந்திரத்தின் உலோக உடம்பில் நின்றது. ஓடு பதித்த ஈர நிலத்தில் வெறுங்காலோடு நின்று, ஈர மூக்கால் அதை முகர்ந்த நாய்தான் முதலில் கண்டுபிடித்தது. இரண்டாவதாகக் கண்டுபிடித்தவர் அம்மம்மா. கசிவு கூடியிருந்தால் மூன்றாவதாக அது குளித்துவிட்டு வருகிற ஒரு பிள்ளையாக இருந்திருக்கலாம்.

ஏன் நாய்க்கு முதலில் தெரிகிறது? நாங்கள் சப்பாத்தும் காலுறையும் போடுகிறோம். நாய் எப்போதும் வெறுங்கால். எங்களுக்கு இரண்டு கால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நாலுகால் பிராணிக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையில் தூரம் கூட, அந்த இடைவெளியில்தான் இதயம் இருக்கிறது. இதற்கு நோர்வேயிலேயே கொடுமையான உதாரணம் உண்டு. 2016 ஆவணி 26ஆம் திகதி ஹர்டாங்கர்வீட்டா மலைவெளியில் இடி விழுந்து 323 கலைமான்கள் ஒரே இடத்தில் இறந்துகிடந்தன. மின்னல் ஒவ்வொரு மானின் தலையிலும் விழவில்லை. ஈர நிலத்தில் பரவிய மின்சாரம் முன்காலால் ஏறிப் பின்காலால் இறங்கியது. புயலுக்குப் பயந்து அவை நெருங்கி நின்றதால் கூட்டமாகவே மாண்டன.

இன்னொன்று நியூயோர்க்கில் நடந்தது. 2004 தை 16ஆம் திகதி, ஜோடி லேன் என்ற 30 வயது ஆராய்ச்சி மாணவி, கிழக்கு 11ஆம் தெருவில் தனது இரண்டு நாய்களோடு நடந்து போனார். தெருவில் பதித்திருந்த மின்பெட்டியின் உலோக மூடியில் பழுதான வயரிலிருந்து மின்சாரம் ஏறியிருந்தது. பனிச்சேறும் உப்பும் அதற்கு வழி செய்து கொடுத்தன. நாய்கள் அதை மிதித்து அலறின. அவற்றுக்கு உதவப்போன அவர் அந்த இடத்திலேயே மின்தாக்கி இறந்துபோனார். நாய்கள் பிழைத்தன. அதன்பிறகுதான் நியூயோர்க் மாநிலத்தில் தெரு மின்பெட்டிகளையும் விளக்குக் கம்பங்களையும் ஆண்டுதோறும் சோதிக்கவேண்டும் என்ற விதி வந்தது. ஒஸ்லோவிலும் குளிர்காலத்தில் பனிச்சேறும் உப்பும் இருக்கின்றன. நடக்கும்போது நாய் ஒரு விளக்குக் கம்பத்தடியில் திடீரென்று கத்தினால், அதே இடத்தைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். நாயை வாரில் பிடித்து அப்பால் இழுத்துக்கொண்டு விலகி நின்று, அறிவியுங்கள்.

அப்படியென்றால் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது வகை, உரசலால் வருவது. ஒருமுறை 'டிக்' என்று அடித்து முடிந்துவிடும். உடனே திரும்பத் தொட்டால் ஒன்றும் இருக்காது. கதவுப் பிடி, போர்வை, ஆள், நாய் என்று எங்கேயும் வரும். வறண்ட குளிர் நாட்களில் மட்டும் வரும்.

இரண்டாவது வகை, கசிவு. தொட்ட நேரமெல்லாம் வரும். தொட்டுக்கொண்டிருக்கும் வரை எறும்பு ஊருவதுபோல, நடுங்குவதுபோல நிற்கும். ஒரே இடத்தில், ஒரே இயந்திரத்தில் மட்டும் வரும். கையோ காலோ ஈரமானால் கூடும். கோடையிலும் வரும்.

இரண்டாவது வகை என்று சந்தேகம் வந்தால், சோதிக்கிறோம் என்று திரும்பத் தொடவேண்டாம். மின்பெட்டியில் அந்த அறைக்குரிய ஆளியை நிறுத்துங்கள். பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். பதிவுபெற்ற மின்தொழிலாளியை அழையுங்கள். நோர்வேயில் வீட்டு மின்நிறுவல் வேலையை அப்படிப் பதிவுபெற்றவர்தான் செய்யலாம். மச்சானுக்குக் கரண்ட் வேலை தெரியும் என்பது இங்கே செல்லாது. வேலை முடிந்தால் 'சம்ஸ்வார்ஸ்-அர்க்லேரிங்' என்ற பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். வேலை விதிப்படி செய்யப்பட்டது என்பதற்கான அத்தாட்சி அது. வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். வீடு விற்கும்போதும் கேட்பார்கள். இது கணக்காளராக நான் சொல்லும் புத்திமதி.

பழைய வீடுகளில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். பல பழைய வீடுகளின் இருக்கை அறைகளிலும் படுக்கை அறைகளிலும் உள்ள பிளக் துளைகளுக்கு ஏர்த் இல்லை. அங்கிருந்து நீட்டுவயர் போட்டுக் குசினிக்கோ குளியலறைக்கோ மின்சாரம் கொண்டுபோகக் கூடாது. 'யூர்ஃபைல்பிறித்தர்' என்கிற கசிவுக் காப்பு ஆளி உங்கள் மின்பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லி அம்பியர் கசிந்தால் அது விழுந்து மின்சாரத்தை நிறுத்தும். அதில் உள்ள சோதனைப் பொத்தானை, கடிகாரம் மாற்றும் நாட்களில், அதாவது பங்குனியிலும் ஐப்பசியிலும், ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஆனால் அது இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ஒரு மில்லி அம்பியர் கசிவே எறும்பு ஊரும் உணர்வைத் தரும், அதற்கு அந்த ஆளி விழாது.

அது காப்பாற்றாத இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு, அதுதான் நாய்க்குட்டிகளுக்கு மிக முக்கியம். மூன்று மாதத்திலிருந்து ஏழு மாதம் வரை குட்டிக்குப் பல் மாறும். அப்போது அகப்பட்டதையெல்லாம் கடிக்கும். வயரைக் கடித்தால் இரண்டு கம்பியும் ஒரே நேரத்தில் வாய்க்குள் போகும். மின்சாரம் ஒரு கம்பியிலிருந்து மற்றக் கம்பிக்கு வாய்வழியாகப் பாயும். நிலத்துக்குக் கசிவதில்லை. கசிவு இல்லையென்றால் அந்த ஆளிக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே வயரை எட்டாத இடத்தில் வைப்பதுதான் ஒரே காப்பு. தொலைக்காட்சிக்குப் பின்னால் உள்ள வயர்களைக் குழாய்க்குள் விடுங்கள். கைத்தொலைபேசி சார்ஜரைச் சுவரில் தொங்க விடாதீர்கள். நத்தார் விளக்கு வயர் நிலத்தில் ஓட வேண்டாம். வெளியே போகும்போது குட்டியைத் தனி அறையில் விடுங்கள்.

அப்படியும் நடந்துவிட்டால், முதலில் நாயைத் தொடாதீர்கள். வயர் வாயில் இருக்கும்போது தொட்டால் உங்களுக்கும் அடிக்கும். பிளக்கைக் கழற்றுங்கள், அல்லது மின்பெட்டியில் முழு வீட்டையும் நிறுத்துங்கள். அதன்பிறகு நாயைப் பாருங்கள். எழும்பி ஓடித் திரிகிறது, ஒன்றுமில்லை என்று விட்டுவிடாதீர்கள். உதட்டு மூலையிலும் நாக்கிலும் உள்ள சூட்டுக்காயம் உடனே தெரியாமல் இருக்கலாம். நுரையீரலில் நீர் சேர்ந்து, சில மணித்தியாலம் கழித்தோ ஒரு நாள் கழித்தோ மூச்சுத்திணறல் வரலாம். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். இரவில் திறந்திருக்கும் மிருக வைத்தியசாலையின் இலக்கத்தை இன்றே குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். ஆளுக்கு மின்தாக்கினால் 113ஐ அழையுங்கள்.

எங்கள் பிள்ளைகள் பலர் நாய் கேட்டபோது, "வீட்டுக்குள்ளை நாயோ?" என்று நாங்கள் முகம் சுளித்தோம். இப்போது பல வீடுகளில் அது சோபாவில் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு வாய் பேசத் தெரியாது. நொந்த இடத்துக்குத் திரும்பப் போக மறுப்பதுதான் அதன் பேச்சு. போர்வையைக் கண்டு ஒதுங்கினால் போர்வையை மாற்றுங்கள். ஒரு இயந்திரத்தைக் கண்டு ஒதுங்கினால் மின்தொழிலாளியைக் கூப்பிடுங்கள். வீட்டில் இருக்கும் வயதானவர்கள் "இதிலை என்னவோ செய்யுது" என்று சொன்னாலும் அப்படித்தான். சிரித்துவிட்டுப் போகாதீர்கள்.

அடுத்த மாதம் வழமைபோல வரிப்படிவத்தோடு சந்திக்கிறேன்.